அம்மா பார்த்த பாதி

போன வாரம் பாப்பாவை ஒரு முன்னோட்டக் காட்சி அரங்கின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம், ஞாபகம் இருக்கும். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அவளுடைய தாய்மாமா, பக்கத்து இருக்கைக்காரரின் காலை மிதித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு போகிற ஆளா அவர்? எந்தப் படமானாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுதி எழுதியே கத்தரி என்று பெயர் வாங்கியவர்.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்கிறீர்கள் என்றாலும் ஒன்றும் மோசமில்லை. பாப்பா நாற்பதைத் தொடுகிறாள். வீட்டுச் செல்லப் பெயர் வெளியேயும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய திரை விமர்சன வீடியோக்களுக்குக் கீழே வந்து திட்டுகிறவர்கள்கூட, பாப்பாவுக்கு என்ன தெரியும் என்றுதான் திட்டுவார்கள். அப்பா, அம்மா, மாமா, மகள் என்று குடும்பம் மொத்தமும் படம் பார்த்து எழுதுகிற குடும்பம். அதில் அம்மா இப்போது இல்லை. அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அப்பாவும் அம்மாவும் எழுதத் தொடங்கிய காலத்தில் பத்திரிகை அலுவலகம் அவர்களுக்கு ஒரே ஒரு அனுமதிச் சீட்டுதான் தரும். கையில் பால்குடி மறக்காத பாப்பா வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இடைவேளை வரைக்கும் அப்பா பார்ப்பார். அம்மா குழந்தையோடு வெளியே காத்திருப்பாள். இடைவேளையில் தியேட்டரின் பக்கவாட்டுக் கதவருகே குழந்தை இந்தக் கைக்கும் சீட்டு அந்தக் கைக்கும் மாறும். மீதியை அம்மா பார்ப்பாள். வீட்டுக்கு நடக்கிற வழியில் அவரவர் பாதியை அடுத்தவருக்குச் சொல்வார்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து எழுதி, ஒரே புனைபெயரில் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஆள் முழுப் படத்தையும் பார்த்து எழுதியது என்றுதான் ஊர் உலகம் நம்பியது.

பிள்ளை வளர்ந்த பிறகு, விட்டுப்போன பாதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இருவரும் பார்த்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் மாட்டவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் படகுத்துறைப் படம். சில நாள் ஓடி, ஈ ஓட்டி, பெட்டிக்குள் போய், பெட்டியும் காணாமல் போன படம். ஆனால் அப்பாவும் அம்மாவும் எழுதிய விமர்சனம் காணாமல் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கட்டுரை எழுதினார்கள். படத்தைப் பார்க்காதவர்களே அதன் முடிவைப் பற்றி மேடையில் கண்கலங்கிப் பேசினார்கள்.

அந்த முடிவு இதுதான். படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற ஒருவன். அவன் மனைவி ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகேறிப் போய்விடுகிறாள். நடு ஆற்றில் படகு திரும்புகிறது. அவள் நனைந்து இறங்கி வருகிறாள். அவன் எதையும் கேட்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த முக்காலியை அவள் பக்கம் நகர்த்துகிறான். அவ்வளவுதான். "அவன் எதையும் கேட்கவில்லை" என்ற அந்த வரியைச் சொல்லாத சினிமாக்காரர்கள் கிடையாது.

எங்கோ ஒரு பழைய கிடங்கில் அந்தப் படத்தின் பிரதி கிடைத்து, துடைத்துச் சுத்தம் செய்து, இன்று பொதுமக்களுக்குக் காட்டப் போகிறார்கள். படத்துக்கு முன்னால் அப்பா, மாமா, பாப்பா மூவரும் மேடையேறி, தங்களுக்கு மிகவும் பிடித்த படத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேசுகிறவர்களுக்காக நேற்று ஒரு முன்னோட்டக் காட்சி வைத்தார்கள். அப்பா வரவில்லை. கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தால்தான் படம் என்றுவிட்டார். பாப்பாவும் மாமாவும் போனார்கள்.

படகு திரும்பவில்லை. பாப்பா பார்த்தது அதைத்தான். பெண் அக்கரைக்குப் போய்விடுகிறாள். மறுநாள் காலையில் அவன் வழக்கம்போலச் சீட்டுக் கிழிக்கிறான். முக்காலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்று காலை பாப்பா எழுந்து வந்தபோது, அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக, கொடுத்த டீ ஆறிப்போகும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அம்மா போனதிலிருந்து ஒரு படம் பார்க்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. பத்திரிகையில் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு என்னடாவென்றால் முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொண்டு, சட்டைக் காலரை ஒருமுறைக்கு மூன்றுமுறை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றார். "மேடையில உன்னை யாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொல்ல மாட்டாங்க. வாயாலதான் பேசணும். பயமா இருக்கா?"

அவளுடைய வீடியோ விமர்சனத்தை அவர் கிண்டல் செய்து எத்தனை காலமாயிற்று. அந்தக் கிண்டலைக் கேட்டதும் பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. பாத்திரம் துலக்குகிற சாக்கில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

பிறகு மெல்ல ஆரம்பித்தாள். உங்களுக்கு முழங்கால் வலி, அந்த அரங்கில் கால் நீட்ட இடம் இருக்காது, பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், படத்தை நானே வாங்கி வந்து வீட்டில் போட்டுக் காட்டுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முழங்காலுக்கு என்ன, அது பாட்டுக்கு வலிக்கட்டும் என்றார்.

"நல்லா இல்லேன்னா?" என்றாள். "அம்மா சொன்ன மாதிரி இல்லேன்னா?"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உங்க அம்மா குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது, பாப்பா. சொன்னா சிரிப்ப. நேத்து அவ என்னை எப்படிக் கூப்பிடுவான்னு நெனச்சுப் பாக்குறேன், வார்த்தை வருது, குரல் வரலை. அந்தக் கடைசிக் காட்சிய அவ சொன்னது மட்டும் அப்படியே காதுல இருக்கு. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நான் நடக்குறேன், அவ பக்கத்துல சொல்லிக்கிட்டே வர்றா. இன்னிக்குத் திரையில அது வரும்போது அவ என் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கும். எனக்கு அது போதும்."

இதற்கு மேல் அந்தப் பெண் என்ன சொல்வாள்? நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டாள். அம்மா அவருக்கு விட்டுப்போனதிலேயே பெரியது அந்த முடிவுதான் என்று அவளுக்குத் தெரியும். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனிதர் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார். ஆனால் சாயங்காலம் அதுதானே நடக்கப் போகிறது? அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

மத்தியானம் மாமாவின் அலுவலகத்துக்கு ஓடினாள். சாப்பாட்டு வேளை என்பதால் மேஜைகள் காலியாக இருந்தன. மாமா மட்டும் கணினித் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது.

அவள் பயந்தது இந்த மாமாவை நினைத்துத்தான். கதாநாயகன் ஓட்டி வந்த காரின் நிறத்தை மாற்றி எழுதிவிட்டான் என்பதற்காக ஒரு இளம் விமர்சகனை நாலு பத்தி எழுதி நாறடித்தவர் அவர். சொந்த அக்காள் படத்தின் முடிவையே மாற்றி எழுதியிருக்கிறாள், அதைத் தம்பி கண்டுபிடித்திருக்கிறார் என்றால் சும்மா இருப்பாரா? அதுவும் அத்தானை மடக்க ஒரு வாய்ப்பு வந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும் அவருக்கு. அத்தானுக்கும் மைத்துனனுக்கும் எந்தப் படத்திலும் ஒத்துப்போனது கிடையாது.

மேடையில் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் மாமா, உங்கள் காலில் விழுகிறேன் என்று அவள் கெஞ்ச ஆயத்தமாக வந்திருந்தாள். கெஞ்சவே வேண்டியிருக்கவில்லை.

"நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றார் மாமா, அவள் முடிப்பதற்குள்.

இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டு பாப்பா பார்த்ததில்லை. அம்மா ஏன் இப்படி மாற்றிச் சொன்னாள் என்று கேட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "தூங்கியிருப்பா. கைப்பிள்ளைக்காரி. ராத்திரியெல்லாம் நீ எங்க தூங்க விட்ட?"

பாப்பாவுக்கு அதைக் கேட்டு மனசு கொஞ்சம் ஆறியது. இருட்டும் சாய்வான நாற்காலியும் கிடைத்தவுடன் அம்மா கண்ணயர்ந்திருக்கிறாள். விழித்துப் பார்த்தால் விளக்கு எரிகிறது. வெளியே புருஷன் குழந்தையோடு நிற்கிறான். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, வழியில் ஒரு முடிவைக் கட்டிச் சொல்லிவிட்டாள். அம்மாவைத் தெரிந்தவர்கள் இதை நம்புவார்கள். உண்மையான முடிவைவிட அம்மா கட்டிய முடிவு நன்றாகக்கூட இருந்தது.

இடைவேளையில் எப்படியாவது அப்பாவைக் கிளப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று மாமாவிடம் சொன்னாள். அவர் அதற்கும் தலையாட்டினார். அவள் கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். மாமா கண்ணாடியைப் போடாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் அரங்கில் எள் விழ இடமில்லை. படிக்கட்டில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாற்காலி, ஒரே ஒலிவாங்கி, நடுவில் அப்பா.

முதலில் பாப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவள் பெரிய இயக்குநர் யாரையும் இழுக்கவில்லை. சின்ன வயசில் பார்த்த ஒரு நாய்ப் படத்தைப் பற்றிச் சொன்னாள். நாய் தொலைந்துபோகும், எஜமானனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும். அவள் அழுத அழுகையில் விக்கல் பிடித்து, தியேட்டர்காரரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் அப்பாவும் அம்மாவும் அதை இரண்டே வரியில் மட்டம் தட்டி எழுதிவிட்டார்கள். அவள் அவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இன்றைக்குப் பார்த்தால் அந்தப் படம் நல்ல படம் இல்லைதான், ஆனாலும் எனக்குப் பிடித்தது அதுதான் என்றாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

மாமா அடுத்து. அவர் எழுதிக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு கோமாளிப் படத்தின் பெயரைச் சொன்னார். எழுதி முடித்த மறுநாளே டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தாராம். அக்காளும் கூட வந்தாளாம். தன் அக்காள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டது அந்த ஒரு படத்தில்தான் என்றும், அதனாலேயே தனக்கு அது பிடிக்கும் என்றும் சொன்னார். பேச்சு அவ்வளவுதான். எல்லாரும் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். அவர் ஒலிவாங்கியை அத்தான் பக்கம் தள்ளிவிட்டார்.

அப்பா பேசினார். மதிப்பெண் போடுகிற படம் வேறு, மனசில் கிடக்கிற படம் வேறு என்று ஆரம்பித்தார். பிறகு அந்தப் பக்கவாட்டுக் கதவு ஏற்பாட்டை, இத்தனை காலம் வீட்டுக்குள்ளேயே இருந்ததை, முதல் முறையாக ஊரறியச் சொன்னார். நீங்கள் படித்ததெல்லாம் பாதி என்னுடையது, பாதி அவளுடையது, எது யாருடையது என்று இன்றைக்கு எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது என்றார். படகு நடு ஆற்றில் திரும்புவதையும், முக்காலி நகர்வதையும், அம்மா சொன்ன விதமாகவே கையைக் காட்டிச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் இதுதான். ஆனா இன்னும் நான் பாதிதான் பாத்திருக்கேன்," என்று முடித்தார்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பாப்பா மாமாவைப் பார்த்தாள். அவர் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. இடைவேளை விளக்கு எரிந்ததும், பாப்பா எதிர்பார்த்த மாதிரியே அப்பா எழுந்தார். பழகிப்போன கால்கள். இவள் கூப்பிடாமலே பக்கவாட்டுக் கதவுக்கு நடந்தார். தப்பித்தோம் என்று அவளும் பின்னாலேயே போனாள். சந்து முனையில் டாக்ஸி நிற்கும். கை காட்டினால் போதும்.

அப்பா கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் தாழ்ந்திருந்தது. சந்தில் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி சட்டைப் பைக்குள் விட்டு, வெளியே எடுத்தார்.

"போலாம்ப்பா," என்றாள் பாப்பா.

"போலாம்," என்றார் அப்பா. "உள்ள போலாம். இந்தப் பாதிக்கு வர்றவ வரமாட்டா. இனிமே இதையும் நான்தான் பாக்கணும்."

அவள் வேறு என்ன செய்வாள்? அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

இருட்டில் அப்பா அவள் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது மழை வரும் என்றார், வந்தது. டம்ளர் கவிழும் என்றார், கவிழ்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். பெட்டி கட்டுகிற காட்சி வந்தது. முதலில் கண்ணாடியை வைப்பாள் பார், பிறகு சீப்பு, பிறகு அந்த நீலத் துணி, கடைசியில் கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்துவிடுவாள் என்றார். ஒன்றுவிடாமல் அப்படியே நடந்தது. பெட்டி மூடியது.

"இப்பப் பக்கத்து வீட்டுக்காரி வந்து தடுப்பா," என்று கிசுகிசுத்தார்.

யாரும் வரவில்லை. அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். அப்பா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மூச்சு மட்டும் பாப்பாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. படகு கிளம்பியது. நடு ஆறு வந்தது. அதையும் தாண்டியது. அக்கரையில் அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்தாள். காலையில் அவன் சீட்டுக் கிழித்தான். படம் முடிந்தது.

பாப்பா அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

விளக்கு எரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லாரும் இவர் பக்கமே திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இளைஞர், படித்தவர், மரியாதையான பிள்ளை, எழுந்து நின்று, ஐயா நீங்கள் எழுதிய முடிவு இது இல்லையே என்று கேட்டேவிட்டார். கேட்டதற்கு அவரே சங்கடப்பட்டார். அப்பா எழுந்தார். எழுதியது தப்பு என்றார். பத்திரிகைக்குச் சொல்லித் திருத்தம் போடச் சொல்கிறேன், இவ்வளவு நாள் அதை நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும் என்றார். குரல் பிசகவில்லை. பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாகவே வெளியே போனார். பாப்பா பின்னால் ஓடினாள், மாமாவும் வந்தார்.

சந்தில் தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அப்பா சுவரோரம் நின்றார்.

அக்கா தூங்கியிருப்பாள் அத்தான், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன தூக்கம் இருந்திருக்கும் என்று மாமா ஆரம்பித்தார். மத்தியானம் பாப்பாவிடம் சொன்ன அதே சமாதானம்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தனை வருஷம் விமர்சனம் எழுதுற, உனக்கு இது தெரியாதா? தூங்குனவளுக்கு நடுநடுவுல விட்டுப் போயிருக்கும். இவ பெட்டி மூடுற வரைக்கும் ஒரு இழை பிசகாம சொல்லியிருக்கா. கண்ணாடிய வெளிய எடுத்தது வரைக்கும். அதுக்கப்புறம் ஒண்ணுகூடப் படத்துல இல்லை. அவ தூங்கலை, மாப்பிள்ளை. அந்த இடத்துல எழுந்து போயிருக்கா. எங்க போனா?"

ஊரையே வார்த்தையால் நறுக்குகிற மனிதர் கண்ணாடியைக் கழற்றி, மத்தியானம் போலவே துடைக்க ஆரம்பித்தார். மாமாவுக்கு இது நேற்று முன்னோட்டக் காட்சியில் தெரிந்த விஷயம் இல்லை, ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"என் ரூமுக்கு வந்தா," என்றார் மாமா கடைசியில். "அந்தத் தியேட்டருக்குப் பின் தெருவுலதான அப்ப நான் தங்கியிருந்தேன். கட்டில்ல உக்காந்தா. இனிமே அங்க போக மாட்டேன்னு சொன்னா."

"எங்க?" என்றாள் பாப்பா, தெரிந்துகொண்டே.

"வீட்டுக்கு."

சந்தில் ஒரு சைக்கிள் போனது. பாப்பா ஓரமாக நகர்ந்து அதற்கு வழிவிட்டாள்.

மாமா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்காளைப் போகச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லையாம், இருக்கச் சொல்லவும் தைரியம் இல்லையாம். சம்பளம்கூட நிலையில்லாத வயசு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். பால் கட்டி, துணி நனைந்திருந்தது. பாப்பா அழும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து, வந்த வேகத்தில் போய்விட்டாள். படம் விடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாளாம். யாரிடமும் சொல்லாதே என்று வாசலில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவள் பேசவில்லை. கேட்க இவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பாப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால்தான் அம்மா திரும்பி வந்தாள். தன்னால்தான் அவள் போகவும் முடியவில்லை. எதற்காக அழுவது என்று தெரியாமலே அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அம்மாவின் மடியில் முகத்தை வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, ஆனால் எதற்கு மன்னிப்பு என்றும் சொல்லத் தெரியவில்லை.

"ஏன் மாமா?" என்றாள். "அம்மா ஏன் போனாங்க?"

மாமா அவளைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தார்.

"காரணம் சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. அத்தான் கேட்டா சொல்றேன்."

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் கசங்கியது. கேட்பார் என்று பாப்பா காத்திருந்தாள். கேட்கக் கூடாது என்றும் இருந்தது அவளுக்கு. மாமாவும் காத்திருந்தார்.

"வெளிய வந்தப்ப அவ கண்ணெல்லாம் செவந்திருந்துது," என்றார் அப்பா. "மூச்சு வாங்குச்சு. நீ என் தோள்ல கத்திக்கிட்டிருந்த, பாப்பா. உன்னை வாங்கிக்கிட்டு அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. நான் ஏதாவது கேப்பேன்னு நின்னிருக்கா. நானும் கேட்டேன், மாப்பிள்ளை."

அவர் பக்கவாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் எப்படி முடியுதுன்னு கேட்டேன்."